சுமதி அத்தை எப்போ போய்ச் சேருவாங்க?

(குழு: தண்டையார்பேட்டை வீடு)

மணி சித்தப்பா: இன்னாடா பிரபு, அக்கா டிக்கெட்ட பாத்தியா? சிங்கப்பூர்ல ஞாயித்துக்கெழம காலைல 9.15க்கு ஏறுது. சான் பிரான்சிஸ்கோல அதே ஞாயித்துக்கெழம காலைல 9.15க்கு எறங்குதாம். ஏஜென்ட் தூக்கத்துல அடிச்சிட்டானா?

பிரபு: கரெக்ட்தான் சித்தப்பா. பறக்கறது 15 மணி நேரம். அந்த ஊரும் சிங்கப்பூருக்கு 15 மணி நேரம் பின்னாடி. ரெண்டும் சரியாப் போச்சு.

லதா பெரியம்மா: அப்ப நடுவுல பசிக்காதா 😂

சுமதி அத்தை: சிரிங்க சிரிங்க. மொத்தம் எத்தினி மணி நேரம், அத சொல்லு கண்ணு.

பிரபு: நம்ம வீட்டு கடியாரத்த வெச்சே பாருங்க அத்தை. சனிக்கிழம ராத்திரி 11.15க்கு மீனம்பாக்கம். சிங்கப்பூர் நாலேகால் மணி நேரம், அங்க மூணேகால் வெயிட்டிங், அப்புறம் 15. ஆக இருபத்திரெண்டரை. ஞாயித்துக்கெழம ராத்திரி 9.45க்கு நாங்க சாப்ட்டு படுக்க, நீங்க அங்க எறங்குவீங்க.

மணி சித்தப்பா: கிலோமீட்டர்?

பிரபு: சிங்கப்பூருக்கு சுமாரா 2,900. அங்கேந்து 13,600. மெட்ராஸ்லேந்து நேரா போனா 13,900தான், ஆனா நேர் ஃப்ளைட் இல்லியே.

மணி சித்தப்பா: மேப்ல ஜப்பான் பக்கமா மேல ஏறி வளைஞ்சு போவுது. சுத்திகினு ஏன் போவணும்?

பிரபு: தட்ட மேப்புல அப்டிதான் தெரியும். ஒரு பந்து மேல ரெண்டு எடத்துல விரல வெச்சு நூல இழுத்துப் புடிங்க. வளைஞ்சு போறதுதான் குறுக்கு வழி.

கவிதா: அம்மா, இங்க சான் பிரான்சிஸ்கோலேந்து நீ திரும்பிப் போவும்போது சிங்கப்பூருக்கு 17 மணி நேரம் ஆவும். இப்பவே சொல்லிட்டேன்.

சுமதி அத்தை: அதே வழிதானடி?

கவிதா: காத்துமா. பத்து கிலோமீட்டர் ஒசரத்துல மேற்கேந்து கெழக்கால ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஓடுது. சில நேரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. இங்க வரும்போது பின்னாடிலேந்து முன்னால தள்ளும், போவும்போது மூஞ்சில அடிக்கும். வெள்ளிக்கிழம ராத்திரி ஏத்திவுட்டா ஞாயித்துக்கெழம காலைலதான் சிங்கப்பூர்.

லதா பெரியம்மா: சனிக்கிழம எங்க போச்சு? அவ வர்றது புரட்டாசில. விரதம் இருப்பாளே!

கவிதா: பசிபிக் நடுவுல தேதிக் கோடு இருக்கு அத்தை. அத மேற்கால தாண்டுனா தேதி ஒண்ணு கூடிடும். அம்மாவுக்கு சனிக்கிழம பாதிகூட தேறாது.

சுமதி அத்தை: கொஞ்ச நேரமா இருந்தாலும் சனிக்கிழம சனிக்கிழமதான். டிக்கெட்ல சைவம்னு போடச் சொல்லு.

மணி சித்தப்பா: ஏர்போர்ட்டுக்கு மெட்ரோல போலாம்கா. நம்ம ஸ்டேஷன்ல ஏறுனா மாறவே வேணாம்.

லதா பெரியம்மா: ரெண்டு பெரிய பெட்டி இருக்கு. நீ தூக்குவியா?

பிரபு: கார்னா ஆறு மணிக்கே கெளம்பணும் பெரியம்மா. கண்டெய்னர் லாரி வரிசை கட்டுச்சுன்னா முடிஞ்சுது கதை.

சுமதி அத்தை: ஒரு பெட்டி இருபத்தி நாலரை காட்டுது. 23தானாம். வடகத்த எடுக்கவா, புடவைய எடுக்கவா?

கவிதா: புடவைய எடு.