சிறந்த ஆசிரியர் விருது: ஃபீட்பேக் சராசரியை விட்டால் வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தேர்வுக்குழு_செயலர்
பல்கலைக்கழக அளவில் ஆண்டுக்கு 3 கற்பித்தல் விருதுகள். இப்போது இருக்கும் விதி ஒரே வரிதான்: மாணவர் ஃபீட்பேக்கில் 5க்கு யாருடைய சராசரி அதிகமோ அவருக்கு விருது. 8 பேர், 10 பேர் படிக்கும் விருப்பப் பாடம் எடுப்பவர்களே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். 200 பேருக்கு முதலாண்டுக் கணிதம் எடுப்பவர் பட்டியலிலேயே வருவதில்லை. விதியை மாற்றி எழுத வேண்டும். விண்ணப்பக் கோப்பில் என்ன கேட்பது, யார் மதிப்பிடுவது, எங்கே சறுக்கும்?

சாக்பீஸ்
முதலில் அந்தச் சராசரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பேர் வகுப்பில் 7 பேர் 5 போட்டு ஒருவர் 1 போட்டால் 4.5. அதே ஒரு கோபக்காரர் 200 பேர் வகுப்பில் இருந்தால் 4.98. சின்ன வகுப்பின் சராசரி இரண்டு பக்கமும் அதிகம் ஆடும். அதனால் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்ன வகுப்புகள்தான் குவியும். கற்பித்தலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஃபீட்பேக் மதிப்பெண் உண்மையிலேயே கற்றலைக் காட்டுகிறதா என்பது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில்தான் வகுப்புகளுக்குப் பிரிக்கிறார்கள். அந்தத் தரவை வைத்து கேரல், வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நடப்புப் பாடத்தில் மாணவர்களை அதிக மதிப்பெண் வாங்க வைத்தவர்களுக்கு ஃபீட்பேக்கும் நன்றாக வந்தது. ஆனால் அந்த மாணவர்கள் அடுத்தடுத்த மேல்நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள். 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வும் இதே பக்கம்தான்: தாங்களே செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள்.

ஆகவே ஃபீட்பேக்கை வாசற்கதவாக மட்டும் வையுங்கள். 60 சதவீதம் பேராவது படிவம் நிரப்பியிருக்க வேண்டும், நிரூபணமான புகார் இருக்கக் கூடாது. உள்ளே வந்தபின் அந்த எண்ணைக் குழுவின் கண்ணில் காட்டவே வேண்டாம்.

சிவப்பு_மை
கோப்பு 10 பக்கம், அதற்கு மேல் ஒரு பக்கம்கூட வாங்காதீர்கள். ‘என் கற்பித்தல் கொள்கை’ கட்டுரைக்கு 1 பக்கம் போதும். அதை நீளமாக விட்டால் நன்றாக எழுதுபவர்தான் ஜெயிப்பார், நன்றாகக் கற்பிப்பவர் அல்ல.

அதைவிட ஒரு அசைன்மென்ட்டை முழுசாகக் கேளுங்கள். அதோடு திருத்திய விடைத்தாள் 3: மேல், நடு, கீழ். மாணவர் பெயரை அடித்துவிட்டு. ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது அந்தக் கீழ்த் தாளில்தான் தெரியும். ‘தவறு, 2/10’ என்று மட்டும் இருக்கிறதா, ‘3ஆம் வரியில் குறி மாறிவிட்டது, அங்கிருந்து திரும்பச் செய்’ என்று இருக்கிறதா? எந்தச் சிபாரிசுக் கடிதத்திலும் இது கிடைக்காது.

மீதிப் பக்கங்களில் ஒரே ஒரு மாற்றம்: எந்த இடத்தில் மாணவர்கள் சிக்கினார்கள், எதை மாற்றினார், அடுத்த தடவை அதே வகைக் கேள்வியில் என்ன ஆனது. பலன் தராத மாற்றத்தை நேர்மையாக எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று விதியிலேயே போடுங்கள். இல்லையென்றால் எல்லாமே வெற்றிக்கதையாகத்தான் வரும்.

மாணவர் கடிதங்களை விண்ணப்பதாரர் திரட்டக் கூடாது. ஓராண்டுக்கு முன் அந்தப் பாடத்தை முடித்தவர்களில் 12 பேரை அலுவலகமே குலுக்கி எடுத்து ஒரே கேள்வி கேட்கட்டும்: ‘அந்தப் பாடத்திலிருந்து இப்போது எதைப் பயன்படுத்துகிறீர்கள்?’ ‘நல்லவர், அன்பானவர்’ எல்லாம் தானாகவே வடிந்துவிடும்.

கடைசி_பெஞ்ச்
வகுப்புக்குள் போய்ப் பார்க்காமல் விருதா? தாளை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரே ஒரு நாள், சொல்லிவிட்டுப் போனால் நாடகம்தான் பார்ப்பீர்கள். பார்வையாளர் 2 பேர், அதில் ஒருவர் வேறு துறை. ஆளுக்கு 2 வகுப்பு. போகுமுன் 20 நிமிடம் ஆசிரியரிடம் பேசி, அன்றைய வகுப்பின் நோக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே உட்கார்ந்ததும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்தால் போதும். குரல், தோரணை போன்றவற்றுக்குப் படிவத்தில் கட்டமே வேண்டாம். விருப்பு வெறுப்பு நுழைவது அந்த வழியாகத்தான்.

இறுதிச்சுற்றில் 6 பேர் என்றால் 24 தடவை போக வேண்டும். செமஸ்டரின் 4ஆம் வாரத்துக்குள் பட்டியல் தயாராகவில்லை என்றால் கடைசியில் ஆளுக்கு ஒரு வகுப்போடு முடித்துவிடுவார்கள்.

தேர்வுக்குழு_செயலர்
எல்லோருக்கும் நன்றி. துறைத் தலைவர் பரிந்துரை கட்டாயமா? குழுவில் யார் யார்?

சாக்பீஸ்
கட்டாயம் ஆக்காதீர்கள். தலைவரோடு ஒத்துப்போகாதவர் அங்கேயே கழன்றுவிடுவார். தானே விண்ணப்பிக்கலாம், மாணவரோ சக ஆசிரியரோ முன்மொழியலாம். குழுவில் 5 பேர்: 3 ஆசிரியர்கள், முன்பு விருது வாங்கியவர் ஒருவர், மாணவர் ஒருவர். கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டு அனுப்பிவிட வேண்டும். கூட்டத்தில் 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் உள்ள கோப்புகளை மட்டும் பேசுங்கள். இல்லையென்றால் மூத்தவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

பரிசாகச் சால்வையும் சான்றிதழும் மட்டும் வேண்டாம். ஒரு செமஸ்டர் ஒரு பாடம் குறைத்துக் கொடுங்கள், பதவி உயர்விலும் கணக்கில் வரட்டும். ஜெயித்தவர் தலையில் ‘எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள்’ என்று கூடுதல் வேலையைக் கட்டினால், அடுத்த ஆண்டு விண்ணப்பம் குறையும்.

தேர்வுக்குழு_செயலர்
பகுதிநேர விரிவுரையாளர்களுக்கு? குறைந்தது 3 ஆண்டுப் பணி என்று விதி இருக்கிறது.

சிவப்பு_மை
ஆண்டுக் கணக்கை எடுத்துவிடுங்கள். ‘ஒரே பாடத்தை இரண்டு தடவையாவது எடுத்திருக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். முதல் தடவை சிக்கல், இரண்டாம் தடவை மாற்றம். கோப்புக்கு அது போதும். ஆய்வகப் பயிற்றுநர்களும் இதில் வந்துவிடுவார்கள்.