புதுப்பிப்பு: கல்வி உதவிநிதி, தலைக்கு வருமானக் கணக்கு

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி, ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) மாணவர்களுக்கான அரசாங்க உதவிநிதி பற்றி முன்பு எழுதிய இழையில், தலைக்கு வருமானத்தை, அதாவது குடும்ப வருமானத்தை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவதை, எப்படிக் கணக்கிடுவது என்றே பலர் கேட்டிருந்தீர்கள்.

கைக்கு வரும் பணத்தை எழுதாதீர்கள். மசேநி (மத்திய சேமநிதி) பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளம்தான் கணக்கு. 3,200 வெள்ளி வாங்குபவருக்கு 20 விழுக்காடு பிடித்தபின் 2,560 கையில் வரும். ஐந்து பேர் வீட்டில் அவர் ஒருவரே சம்பாதித்தால், 3,200ஐ ஐந்தால் வகுத்து தலைக்கு 640 வெள்ளி. கைக்கு வருவதை வகுத்தால் 512 என்று தப்பாகத் தெரியும். ஓவர்டைம், அலவன்ஸும் மொத்தச் சம்பளத்தில் சேரும். அதே முகவரியில் இருக்கும் தாத்தா பாட்டியை எண்ணிக்கையில் விட்டுவிடாதீர்கள். அவர்களை விட்டால் தலைக்கு வருமானம் வீணாக ஏறும். கிடைக்கவேண்டிய தொகை குறையும்.

போன வருடம் கிடைத்தது தானாகத் தொடராது. ஒவ்வொரு கல்வியாண்டும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

உதவிநிதி போக மீதிக் கட்டணத்துக்கு, கடன் வாங்குமுன் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கைப் பாருங்கள். எடுசேவ், அதாவது பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கம் போடும் கல்வி நிதி, அதன் மிச்சம் அங்கேதான் போகிறது. உடன்பிறந்தவரின் கட்டணத்துக்கும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். இது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை, அதுதான் வருத்தம். ஆனால் சாப்பாடு, பஸ் செலவுக்கு அதிலிருந்து எடுக்க முடியாது.