செஸ்நட் கொட்டையை வீட்டில் முளைக்க வைத்துப் பின்னர் வெளியே நடுவது எப்படி?

மாலினி (ஸ்காபரோ), டிசம்பர்

அனைவருக்கும் வணக்கம். ஒக்டோபர் நடுப்பகுதியில் நயாகராப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் உதிர்ந்து கிடந்த சீனச் செஸ்நட் கொட்டைகளை ஏறத்தாழ 2 கிலோ பொறுக்கி வந்தோம். பெரும்பகுதியைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டோம். விதைக்கென்று எடுத்த இருபதை, ஊரில் பூசணி விதையைக் காயவைப்பதுபோல் சமையலறை மேசையில் மூன்று வாரம் காயவைத்து, பிறகு சாடியில் ஊன்றினேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது பருப்பு சுருங்கிக் கல்லாகியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் மறந்துபோய்க் கிடந்த பதினொரு கொட்டைகள் மட்டும் இன்னும் கனமாக இருக்கின்றன, ஆனால் மேலே சிறிது பூஞ்சணம் படர்ந்துள்ளது. அவற்றைக் காப்பாற்ற முடியுமா? பூங்காவில் பிள்ளைகள் பொறுக்கிய பளபளப்பான கொட்டைகளும் உள்ளன. அவற்றையும் சேர்த்து நடலாமா?

வேலன் (ஹமில்ரன்)

வணக்கம் மாலினி. நீங்கள் மறந்துபோனவைதான் பிழைத்திருக்கின்றன. செஸ்நட்டைப் பூசணி விதையோடு ஒப்பிடாமல் பலாக்கொட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டும் ஈரம் வற்றினால் உயிரை விட்டுவிடும் விதைகள், எனவே காயவைத்துச் சேமிக்கும் வழக்கம் இவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் பலாக்கொட்டைக்குத் தேவைப்படாத ஒன்று செஸ்நட்டுக்குத் தேவை. ஈரத்தோடு கூடிய குளிரில் இரண்டு முதல் மூன்று மாதம் கிடந்தால்தான் அது ஒழுங்காக முளைக்கும்.

பூஞ்சணம் மேல்தோலில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்குபவற்றையும், சிறு வட்டத் துளை உள்ளவற்றையும் (அது வண்டின் புழு வெளியேறிய வழி) எறிந்துவிடுங்கள். பீற் மொஸ்ஸை (மட்கிய சதுப்புநிலப் பாசி) நனைத்து, கையால் பிழிந்தால் சொட்டு விழாத அளவுக்கு ஈரமாக்கி, அதில் கொட்டைகளைப் புதைத்து, இரண்டு மூன்று துளையிட்ட பையில் 1 முதல் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வையுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இந்த ஈரத்தின் அளவில்தான்: கூடினால் அழுகும், குறைந்தால் உங்கள் முதல் இருபதின் கதைதான். உறைபெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். உறைந்த கொட்டை முளைக்காது.

பெப்ரவரியில் பையைத் திறந்தால் கூர்முனைப் பக்கமிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். பனங்கொட்டையைப் பாத்தி போட்டவர்களுக்கு இது புதிதல்ல: முதலில் கீழ்நோக்கி வேர், நெடுநாள் கழித்தே மேல்நோக்கிக் குருத்து. ஆகவே சாடியின் அகலத்தைவிட ஆழமே முக்கியம். 12 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கொட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வேர் கீழ்நோக்க, 1 அங்குல மண்ணால் மூடுங்கள். முதல் சில வாரங்களுக்கு உணவைக் கொட்டையே கொடுக்கும், உரம் வேண்டாம்.

இளங்கோ (லண்டன், ஒன்ராறியோ)

பூங்காக் கொட்டைகளைத் தயவுசெய்து தனியே வையுங்கள். அவை குதிரைச் செஸ்நட்டாகத்தான் இருக்க வேண்டும். பெயரில் உறவே தவிரக் குடும்பம் வேறு, சாப்பிட்டால் நஞ்சு. உண்மையான செஸ்நட்டின் முனையில் சிறு குஞ்சம் இருக்கும், அதன் மேலுறையில் கை வைக்க முடியாதபடி ஊசிமுட்கள் நெருங்கியிருக்கும். குதிரைச் செஸ்நட்டுக்குக் குஞ்சம் இல்லை, உறையின் முட்களும் தடித்து ஐதாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரி ஏரியை ஒட்டிய காடுகளில் ஒரு காலத்தில் அமெரிக்கச் செஸ்நட் நிறைந்திருந்தது. ஆசிய மரக்கன்றுகளோடு வந்த பூஞ்சைக் கருகல் நோய் 1904இல் நியூயோர்க்கில் கண்டறியப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்குள் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 400 கோடி மரங்களை வீழ்த்தியது. வேர் சாகாமல் திரும்பத் திரும்பத் துளிர்ப்பதும், துளிர் பருத்ததும் நோய் மீண்டும் பற்றுவதும் இன்றும் நடக்கிறது. உங்களிடமுள்ள சீன இனம் அந்நோயைப் பெருமளவு தாங்கும் என்பதால் வீட்டுக்கு நல்ல தெரிவுதான். ஆனாலும் இயற்கையான அமெரிக்க மரம் நிற்கும் காட்டோரத்தில் அதை நட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டும் எளிதில் கலந்துவிடும்.

சுகந்தி (மார்க்கம்)

நான் சாடியே வேண்டாம் என்று நேரே மண்ணில் ஊன்றிப் பார்த்தவள். ஒன்பது கொட்டைகளையும் அணில்கள் இரண்டே நாளில் தோண்டித் தின்றன. அடுத்த ஆண்டு வேலன் அண்ணா சொல்லும் முறையில் வளர்த்து, விக்டோரியா நாள் (மே பிற்பகுதியில் வரும் கனடிய விடுமுறை) கழிந்து உறைபனி அச்சம் நீங்கிய பின், பத்து நாள் நிழலிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிப் பழக்கி நட்டேன். கன்றின் அடியில் கொட்டை ஒட்டியிருக்கும்வரை அணில் அதைத் தேடிக் கன்றையே பிடுங்கும் என்பதால், கம்பிவலைக் கூண்டை மண்ணுக்குள்ளும் சில அங்குலம் இறக்குங்கள்.

இடத்தையும் யோசியுங்கள். தண்ணீர் தேங்கும் களிமண்ணும் சுண்ணாம்பு மண்ணும் செஸ்நட்டுக்கு ஆகாது. காய்ப்பதற்கு அயல் மகரந்தம் வேண்டுமாதலால் குறைந்தது இரண்டு மரம் தேவை, ஒவ்வொன்றும் 40 அடி விரியக்கூடியது. ஸ்காபரோவின் கொல்லைப்புறத்தில் அதற்கு இடம் இருக்குமா?

மாலினி (ஸ்காபரோ), பெப்ரவரி

அனைவருக்கும் நன்றி. பதினொன்றில் மூன்று அழுகிவிட்டன, ஐந்துக்கு வேர் வந்திருக்கிறது. எங்கள் கொல்லையில் இடமில்லைதான்; பீற்றர்பரோவில் அண்ணாவுக்கு மணற்பாங்கான நிலம் உண்டு, அங்கே நட இசைந்திருக்கிறார். ஒரு வேர் மட்டும் பைக்குள் சுருண்டு கொக்கியாகிவிட்டது. அதை நிமிர்த்தலாமா?

வேலன் (ஹமில்ரன்)

நிமிர்த்தினால் முறியும். நுனியில் கால் அங்குலத்தைக் கிள்ளிவிட்டு, வளைவு கீழே வரும்படி நடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பக்கவேர்கள் கிளைக்கும். மற்ற மூன்றையும் மீண்டும் பீற்றுக்குள்ளேயே வையுங்கள், மார்ச் நடுப்பகுதிவரை பொறுத்துப் பார்க்கலாம்.