நெட் பாஸ், ஆனால் உதவித்தொகை இல்லை: ஊடக ஆய்வில் பிஎச்டி சேரலாமா? அவசரம்

வைகைக்கரை:
வணக்கம். ஊடகவியலில் எம்ஏ முடித்து, நெட் எனும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வும் பாஸ் செய்துவிட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். மாத உதவித்தொகை எதுவும் கிடையாதாம். நெறியாளர் "முதல்ல சேருங்க, ஃபெல்லோஷிப் பின்னால வரும்" என்கிறார், எங்கிருந்து வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். என் தலைப்பு சிற்றூர்களின் உள்ளூர் கேபிள் சேனல்கள். பழைய படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் பிறந்தநாள் வாழ்த்தும் காதணி விழா அழைப்பும் நகர்ந்து போகுமே, அதை யார் எழுதினார்கள், யார் காசு கொடுத்தார்கள், யாருடைய பெயர் கடைசிவரை வரவே இல்லை என்பதுதான் கேள்வி. சேர்ந்தால் வேலையை விட வேண்டும். என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரை:
மத்தியப் பல்கலைக்கழகமா, மாநிலமா, தனியாரா? முழுநேரமா, பகுதிநேரமா? நெட்டில் எந்தப் பிரிவு? ஜூன் 2024 தேர்விலிருந்து ஜேஆர்எஃப் (மாத உதவித்தொகையோடு வருவது), உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். "நெட் பாஸ்" என்று மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது.

ஆய்வுமேடை:
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு நாலு தடவை வருகிறது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம். பணத்தை முதலில் வைத்து ஆய்வுக்கு வருகிறவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள், இருபது வருடமாகப் பார்க்கிறேன். தலைப்பு மேல் நம்பிக்கை இருந்தால் சேருங்கள்.

பொன்னிநதி:
தலைப்புதான் பிரச்சினை. உள்ளூர் கேபிளுக்கெல்லாம் யார் நிதி தருவார்கள்? செயற்கை நுண்ணறிவு, போலிச் செய்தி என்று ஏதாவது வையுங்கள்.

மேட்டுத்தெரு:
பொன்னி, ஜேஆர்எஃப் தலைப்பைப் பார்த்துத் தருவதில்லை, தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவது. தங்கமான தலைப்பு, மாற்றாதீர்கள் சகோ. அந்த ஆபரேட்டர்கள் பலரிடம் பழைய கேசட்டும் சிடியும் சாக்குமூட்டையில் கிடக்கின்றன, இன்னும் சில வருடம் போனால் அதுவும் இருக்காது.

ரைன்கரை:
ஜெர்மனி பக்கம் பாருங்கள். அங்கே பல ஆய்வு இடங்கள் சம்பள வேலையாகவே விளம்பரமாகும், டிவி-எல் இ13 என்ற மாநில அரசுப் பணி ஊதிய நிலையில், முழுச் சம்பளத்தில் 65 சதவீதம், சில சமயம் 50. மாணவர் என்றில்லாமல் ஊழியராகத்தான் நடத்துவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஆகிற காரியமில்லை, பேராசிரியருக்கு மெயில் போட்டே மாதங்கள் போகும்.

ஏட்டுச்சுரை:
மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கான "நான்-நெட்" தொகை மாதம் 8,000 கிடைக்கும். மாநிலம் என்றால் அதுவும் இல்லை. அதனால்தான் கேட்டேன்.

ஆய்வுமேடை:
8,000 போதும். நாங்களெல்லாம் அதுவும் இல்லாமல்தான் முடித்தோம்.

கல்லுக்குழி:
ஐயா, நீங்கள் முடித்தபோது அறை வாடகை என்ன? 2015 அக்டோபரில் இதே தொகையை நிறுத்தப் போகிறோம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னபோது டெல்லியில் அலுவலக வாசலில் மாணவர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்துதான் அது பிழைத்தது. அன்றைக்கும் 8,000, இன்றைக்கும் 8,000. ஹாஸ்டல், மெஸ் போக களப்பணிக்குப் பஸ் காசு மிஞ்சாது. பணம் பற்றிக் கேட்பதால் ஒருவருக்கு ஆர்வமில்லை என்று ஆகிவிடாது. வீட்டில் பணம் இருப்பவர்கள் மட்டும் பண்பாட்டு ஆய்வு செய்தால் யாருடைய பண்பாடு எழுதப்படும்?

ஆய்வுமேடை:
நான் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைப்பு வேண்டும் என்றேன்.

மேட்டுத்தெரு:
உழைப்பை யாரும் மறுக்கவில்லை. இழையைத் தொடங்கியவர் எங்கே?

வைகைக்கரை:
மன்னிக்கவும், டியூட்டியில் இருந்தேன். மாநிலப் பல்கலைக்கழகம், முழுநேரம். டிசம்பர் 2024 நெட், உதவிப் பேராசிரியர் பிரிவு. ஜேஆர்எஃப்புக்கு 30 வயதுதான் வரம்பு என்று எல்லோரும் சொன்னதால் விண்ணப்பத்தில் அதைத் தொடவே இல்லை, எனக்கு 32.

ஏட்டுச்சுரை:
நீங்கள் பெண்ணா? பிசி, எம்பிசி, எஸ்சி எதிலாவது வருகிறீர்களா?

வைகைக்கரை:
பெண்தான். எம்பிசி.

ஏட்டுச்சுரை:
அப்படியென்றால் கவனமாகப் படியுங்கள் சகோதரி. ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, ஆனால் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு, எந்தச் சாதியானாலும். மத்திய ஓபிசி பட்டியலில் கிரீமிலேயர் இல்லாதவர்களுக்கும் அதே 5. ஆக 35 வரை எழுதலாம், உங்களுக்கு இன்னும் சில வாய்ப்புகள் கையில் இருக்கின்றன. அடுத்த சுற்றில் விண்ணப்பத்தில் ஜேஆர்எஃப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஓபிசி சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசில் அலைய வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் இப்போதைய நெட் மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும், சேர்க்கையில் 70 சதவீதம் அந்த மதிப்பெண்ணுக்கு, 30 நேர்காணலுக்கு. அந்தக் கெடு முடிவதற்குள் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் போட்டுப் பாருங்கள். திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத் மூன்றிலும் ஊடகத் துறை இருக்கிறது.

மேட்டுத்தெரு:
நெறியாளர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிஎச்டியில் சேர்ந்த பிறகு ஜேஆர்எஃப் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அதைத் தேர்வு எழுதி வாங்க வேண்டியது நீங்கள், அவர் இல்லை. தேர்வு முடிவு வரும்வரை சம்பளத்தை விடாதீர்கள்.

கல்லுக்குழி:
நெட்டில் பண்பாட்டு ஆய்வுக்கென்று தனிப் பாடம் கிடையாது, இதழியலும் மக்கள் தொடர்பியலும்தான் எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஒரு கேள்வியையும் விட்டு வைக்காதீர்கள்.

வைகைக்கரை (நான்கு நாள் கழித்து):
பணம் கட்டவில்லை. வேலையிலேயே இருக்கிறேன். ஓபிசி சான்றிதழுக்கு மனு போட்டாயிற்று, திருவாரூருக்கும் புதுச்சேரிக்கும் அறிவிப்பு வந்தால் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஆபரேட்டர் வீட்டுக்குப் போயிருந்தேன், ஒரு பெட்டி சிடி கொடுத்தார். எல்லோருக்கும் நன்றி.