கடவைக்காலம்: கிரகணம் நேரக்கூடிய நாள்களுக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் eclipse season எனப்படும், கிரகணம் நேரக்கூடிய நாள்களுக்கு நம் சொற்பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வானில் சூரியனின் பாதையான சூரியவீதியும் சந்திரனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே கணு. கந்தளாய் ஆசிரியை ஒருவர் முன்மொழிந்தது இது:

> சூரியன் கணுவை ஒட்டி இருக்கும் அந்த ஐந்து வாரங்களைக் "கிரகணப் போகம்" எனலாம். ஆண்டுக்கு இரண்டு வருவதால் பெரும்போகம், சிறுபோகம் போல மனத்தில் நிற்கும்.

கந்தளாய் ஆசிரியையின் முன்மொழிவில் அந்த 'இரண்டு' நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் நெற்செய்கைப் பருவமான போகம் மாதத்தோடு கட்டுண்டது. இந்த நாள்களோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 நாள் முந்தி வரும். கணுக்களே பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிப்பதுதான் காரணம். திருகோணமலையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் போகம் என்றால் உடனே மாதத்தைக் கேட்பார்கள்.

பஞ்சாங்கத்து ராகுவும் கேதுவும் இந்தக் கணுக்கள்தான். ஆயினும் "ராகு காலம்" தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு உரிய பெயராகிவிட்டது, அதைத் தொட முடியாது.

என் பரிந்துரை கடவைக்காலம். புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று, பாதைகள் குறுக்கிடும் இடத்துக்கு நாம் அன்றாடம் புழங்கும் சொல். இங்கே வெட்டிக்கொள்பவை சூரியவீதியும் சந்திரனின் பாதையும். இரண்டுக்கும் இடையிலான சாய்வு 5 பாகைக்குச் சற்று மேல். சூரிய வட்டின் அகலமோ அரைப் பாகைதான். அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் சந்திரன் சூரியனுக்கு வடக்காகவோ தெற்காகவோ விலகிப் போய்விடுகிறது. சூரியன் கடவையை ஒட்டி இருக்கையில் வரும் அமாவாசை மட்டுமே சூரிய கிரகணம் தரும். அந்தக் காலம் இரு அமாவாசைகளுக்கு இடைப்பட்ட 29.5 நாளைவிட நீளமானது என்பதால், ஒவ்வொரு கடவைக்காலத்திலும் பூமியில் எங்காவது ஒரு சூரிய கிரகணம் உறுதி.

அது முழுக் கிரகணமாக இருக்கும் என்பது மட்டும் உறுதியில்லை. இதைச் சொல் விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். சந்திரனின் தொலைவு சுமார் 3,56,000 முதல் 4,07,000 கிலோமீற்றர் வரை மாறுகிறது; தொலைவில் இருந்தால் கருநிழலின் (சூரியன் முழுதாக மறையும் நிழற்பகுதியின்) முனை தரையை எட்டாது, வளையம்தான் மிஞ்சும். நம் இலங்கைத் தீவே இரண்டையும் கண்டிருக்கிறது. 1955 ஜூன் 20: பூமி சூரியனுக்குத் தொலைவான நிலையை நெருங்கியதால் சூரியன் சிறிதாகத் தெரிந்த காலம், சந்திரனோ அருகில். பொலன்னறுவைப் பக்கம் பகல் இருண்டது. அந்தக் கிரகணத்தின் உச்ச நீளம் 7 நிமிடம் 8 விநாடி, 20ஆம் நூற்றாண்டிலேயே மிக நீண்டது. 2010 ஜனவரி 15 இதற்கு நேர் எதிர்: சூரியன் பெரிது, சந்திரன் தொலைவு, யாழ்ப்பாணத்தில் வளையம்.

கருநிழல் எட்டினாலும் அதன் தடம் அகலத்தில் 270 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது. உலகில் ஏறத்தாழ 18 மாதத்துக்கு ஒரு முழுக் கிரகணம் நிகழ்ந்தும், குறித்த ஓர் ஊருக்குச் சராசரியாக 375 ஆண்டுக்கு ஒருமுறைதான் கிட்டுவது இதனால்தான்.

பட்டியலுக்கான வரைவு:

கடவைக்காலம் (பெயர்): சூரியன் சந்திரப்பாதையின் கணு ஒன்றை அண்மித்திருக்கும் 31 முதல் 37 நாள் வரையான காலம். ஏறத்தாழ 173 நாளுக்கு ஒருமுறை வரும். சூரிய, சந்திர கிரகணங்கள் இதனுள் மட்டுமே நிகழும்; சூரிய கிரகணம் முழுமையாகுமா வளையமாகுமா என்பதில் சந்திரனின் தொலைவு முக்கியம்.

"அண்மித்திருக்கும்" என்பது தமிழகத்து வாசகருக்குப் பழக்கமில்லை என்றால் "நெருங்கியிருக்கும்" என்று மாற்ற எனக்குச் சம்மதம். கடவையை மட்டும் விட்டுத்தர மனமில்லை.