வேக்கம் பாதியில் இழுக்காமல் போனது: ஐந்து நாள் தேடிய கதை

எங்களுடையது தரைக்கு மேலே நிற்கும் வட்ட நீச்சல் குளம். விட்டம் 18 அடி, தண்ணீர் 4 அடி. மணல் ஃபில்டர், ஒன்றரை இன்ச் ஹோஸ். குளத்தின் அடியில் படியும் அழுக்கைப் பம்பின் இழுவையால் உறிஞ்சும் வேக்கம், மூன்று வருடமாகத் தொல்லை தராதது, போன மாதம் திடீரென்று படுத்துவிட்டது. அதுவும் ஒரேயடியாக இல்லை. முதல் ஐந்து, பத்து நிமிடம் நன்றாக இழுக்கும். அப்புறம் ஹோஸ் முனையில் இருக்கும் ஹெட் குளத்தின் தரைமேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். அடியில் படிந்த தூசி கிளம்பிக் கலங்குமே தவிர உள்ளே போகாது.

யாருக்கும் முதலில் பம்ப்மேல்தானே சந்தேகம் வரும்? எனக்கும் வந்தது. ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர் வாய்) கூடை, பம்ப் கூடை இரண்டையும் கழுவினேன். தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு ஃபில்டர் மணலைக் கழுவும் பேக்வாஷும் செய்தேன். பம்ப் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்த மாதிரி தெரிந்தது. புதிதாக மாற்றி சிலிக்கான் கிரீஸ் தடவினேன். (வாஸ்லின் தடவாதீர்கள், ரப்பர் உப்பிப் போகும்.) பம்புக்கு முன்னால் இருக்கும் மரையில் டெஃப்லான் டேப்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினேன். பம்பை ஓடவிட்டு இணைப்புகளில் ஷேவிங் நுரை பூசிப் பார்த்தேன். காற்று போகும் இடத்தில் நுரை உள்ளே குழிவாங்கும் என்பார்கள். எங்கேயும் குழியவில்லை. அதோடு நான்கு நாள் போயிற்று. புது பம்புக்கு ஆர்டர் போடலாமா என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

ஐந்தாம் நாள்தான் உருப்படியாக ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பம்ப் மூடி கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். வேக்கம் மாட்டாமல் ஸ்கிம்மரை மட்டும் ஓடவிட்டால் கூடைக்குள் தண்ணீர் தெளிவாக நிரம்பி நிற்கிறது. ஹோஸை மாட்டினால் சிறிது நேரத்தில் குமிழி கொதிக்கிறது. அப்படியென்றால் பம்ப், மரை, வளையம் எதிலும் குற்றமில்லை. நாம் புதிதாகச் சேர்ப்பது ஹோஸும் அதை ஸ்கிம்மரில் பொருத்தும் தட்டும் மட்டும்தானே, காற்று அங்கேதான் ஏறுகிறது!

சரி, ஏன் பத்து நிமிடம் கழித்து? இது புரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் எப்போதும் ஸ்கிம்மர் பக்கம் ஆரம்பித்து எதிர்ப்பக்கம் போவேன். பக்கத்தில் இருக்கும்வரை ஹோஸ் தொளதொளவென்று தண்ணீருக்குள் கிடக்கும். ஓட்டை இருந்தாலும் அது உறிஞ்சுவது தண்ணீரைத்தான், அதனால் பெரிதாகத் தெரியாது. எதிர்ப்பக்கம் போனதும் ஹோஸ் விறைத்து, ஸ்கிம்மர் பக்கத்து முனை தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஓட்டை வெளியே வந்து வாயைத் திறக்கும். தண்ணீரை இழுப்பதைவிடக் காற்றை இழுப்பது சுலபம், பம்ப் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

தட்டில் மாட்டும் கஃபிலிருந்து (ஹோஸின் முனையில் திருகும் உறை) இரண்டு சாண் தள்ளி, மடிப்புப் பள்ளத்துக்குள் நகம் அளவுக்கு ஒரு விரிசல். சும்மா பார்த்தால் தெரியவே தெரியாது, வளைத்தால்தான் பிளக்கும். அதுவரை வெட்டி எறிந்துவிட்டுக் கஃபை மறுபடி திருகி மாட்டினேன். ஹோஸ் இரண்டு அடி குறைந்தது, இழுவை பழையபடி வந்துவிட்டது. உங்களுக்கு எங்கே மாட்டியது என்று எழுதுங்கள்.

* * *

எனக்கு ஓட்டையே இல்லை, அவசரம்தான் இருந்தது. ஹோஸில் தண்ணீர் நிரப்பாமல் அப்படியே ஸ்கிம்மரில் சொருகிவிடுவேன். 30 அடி ஒன்றரை இன்ச் ஹோஸ் என்றால் உள்ளே ஏறக்குறைய 10 லிட்டர் காற்று. அவ்வளவும் ஒரே மூச்சில் பம்புக்குப் போனால் அது மூச்சு முட்டிக் கத்தாமல் என்ன செய்யும்?

இப்போது ஹெட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, ஹோஸின் மறுமுனையைத் தண்ணீர் திரும்பி வரும் வாயில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். ஹெட் பக்கம் குமிழி வருவது நிற்கும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். குமிழி நின்றபிறகு, முனையைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் ஸ்கிம்மருக்குக் கொண்டுபோகிறேன். ஒன்று மட்டும்: பம்ப் ஓடும்போது உறிஞ்சும் வாயில் கையை வைக்காதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். இழுவை குறைவு என்று நாம் புலம்பினாலும் கையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அது எப்போதும் இருக்கும்.

* * *

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தீர்களா? நான்கு நாள் கதையில் அது வரவே இல்லையே!

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஃபில்டர்மேல் இருக்கும் முள் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அடைப்பு ஃபில்டரிலோ அதைத் தாண்டியோ இருக்கிறது. இறங்கியிருந்தால் பம்பிலோ அதற்கு முன்னாலோ கோளாறு. சுத்தம் செய்த அன்று முள் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். ஆனால் பம்பை நிறுத்தியதும் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். வரவில்லையென்றால் கேஜே பொய் சொல்கிறது.

எனக்கு முள் இறங்கியிருந்தது, மூடிக்குள் குமிழியும் இல்லை. காற்று ஏறவில்லை, தண்ணீரும் போதவில்லை. அப்படியானால் எங்கோ அடைத்திருக்கிறது. இரண்டு கூடையும் சுத்தம். கடைசியில் பார்த்தால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் இலைக்காம்பும் தலைமுடியும் திரித்த கயிறு மாதிரி சுற்றிக் கிடந்தது. கூடையின் அடியில் ஒரு கண்ணி உடைந்திருந்ததை மாதக்கணக்கில் பார்த்தும் பார்க்காமல் விட்டது என் தப்பு. அந்த வழியாகத்தான் எல்லாம் உள்ளே போயிருக்கிறது. வளைத்த கம்பியை விட்டுக் கொக்கி போட்டு இழுத்து எடுத்தேன். அரை மணி நேர வேலை.

கை வைக்கும் முன் மின்சாரத்தை பிரேக்கரிலேயே நிறுத்திவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இன்னொன்று, நம் வகைக் குளத்தில் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். கிணற்று மோட்டார் மாதிரி நினைத்து வால்வை மூடாமல் மூடியைத் திறந்தேன். குளம் என்மேலேயே கொட்டியது. போவதும் வருவதும் இரண்டு வால்வையும் மூடிவிட்டுத் திறங்கள். வால்வே வைக்காதவர்கள் ஸ்கிம்மர் துளையையும் தண்ணீர் திரும்பும் வாயையும் அடைப்பான் போட்டு மூடலாம்.

* * *

எனக்கு நேர் எதிர், முள் ஏறிப்போனது.

ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தண்ணீர் பச்சை. குளோரின் அதிகமாகப் போட்டுப் பாசியைக் கொன்றேன். செத்த பாசி சாம்பல் மாதிரி அடியில் படிந்தது. அதை வேக்கம் பண்ணினால் ஆறேழு நிமிடத்துக்கு மேல் இழுவை நிற்காது. சுத்தமான நிலையிலிருந்து முள் 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் என்பது கணக்கு. எனக்கு அன்று காலையிலேயே மூன்று முறை அப்படி ஏறியது. போதாததற்கு அந்த மாவு மணலைத் தாண்டி மறுபடியும் குளத்துக்கே வந்தது. முன்வாசலால் பெருக்கித் தள்ளினால் பின்வாசலால் உள்ளே வருவது போல.

அப்புறம்தான் ஃபில்டர் வால்வை ‘வேஸ்ட்’ நிலைக்குத் திருப்பினேன். ஃபில்டருக்குப் போகாமல் தண்ணீர் நேரே வெளியே போகும். (பம்ப் ஓடும்போது அந்தப் பிடியைத் திருப்பவே கூடாது, நிறுத்திவிட்டுத்தான்.) இழுவை பிய்த்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் நான் ஆடி அசைந்து தேய்த்துக்கொண்டிருக்க, குளம் இறங்கியதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போய், பம்ப் கரகரவென்று காற்றை எடுத்தது. மறுபடியும் முதலிலிருந்து. இப்போதெல்லாம் வேஸ்டில் ஓட்டும் முன் குளத்தை விளிம்புவரை நிரப்பி, குழாயையும் திறந்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். சாதாரண நாளில் ஸ்கிம்மர் வாயின் பாதியில் தண்ணீர் நின்றால் போதும்.

மணல் ஃபில்டருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு வேஸ்ட் வசதி பெரும்பாலும் இருக்காது. செத்த பாசி என்றால் கார்ட்ரிட்ஜை அடிக்கடி கழற்றி மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டியதுதான், வேறு வழி தெரியவில்லை.

* * *

நான் இங்கே எல்லாரையும்விடச் சின்ன ஆள். சட்டம் போட்டு நிறுத்தும் துணிக்குளம், அதோடு வந்த பம்ப். வேக்கம் செட் வாங்கி மாட்டினேன், ஒரு மணல் துகள்கூட நகரவில்லை. விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால், என் குளத்திலிருந்து பம்புக்கு இரண்டு துளைகள் வழியாகத் தண்ணீர் போகிறது. வேக்கம் ஒன்றில், மற்றது திறந்தபடி. தடையில்லாத வழி பக்கத்திலேயே இருக்கும்போது தண்ணீர் 20 அடி ஹோஸுக்குள் எதற்காகத் தவழ்ந்து வரப்போகிறது? இன்னொரு துளையைக் குளத்தோடு வந்த அடைப்பானால் மூடினேன். இழுத்தது.

பிரமாதமாக இழுத்தது என்று சொல்ல மாட்டேன். சின்ன பம்ப் சின்ன பம்ப்தான். அகல ஹெட்டைக் கழற்றிவிட்டுக் குறுகலான ஹெட் போட்டு, ஹோஸையும் தேவையான அளவுக்கு வெட்டிக்கொண்டபிறகு சமாளிக்க முடிகிறது. ஸ்கிம்மர் இருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்: அடி வடிகால் வால்வு திறந்திருந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி. கேஜைக் கேட்டவருக்கு: பார்த்தேன், முள் வழக்கமான 12-லிருந்து 6-க்கு இறங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. நீங்கள் ஒரு மாதம் முன்னால் எழுதியிருக்கக் கூடாதா!

ஹோஸில் ஓட்டையை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று தனியாக ஒருவர் கேட்டார். காதை வைத்து ஓசை கேட்டெல்லாம் பார்த்தேன், பம்ப் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஹோஸைத் தரையில் நீட்டிப் போட்டு, ஒரு முனையைத் தண்ணீர் திரும்பும் வாயில் பிடித்து, மறுமுனையை லேசாக வளைத்து நெரித்தேன். உறிஞ்சும்போது ஒளிந்துகொள்ளும் ஓட்டை, உள்ளிருந்து தள்ளும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஊசி மாதிரி ஒரு பீச்சல் என் சட்டையில் அடித்தது.

விரிசல் ஏன் சரியாக அந்த இடத்தில் வந்தது என்றும் யோசித்தேன். மூன்று வருடமாக ஹோஸைச் சுவரில் ஒரே ஆணியில் மாட்டி வந்திருக்கிறேன், வெயிலில், எப்போதும் அதே மடிப்பில். ஆணியைப் பிடுங்கிவிட்டேன். ஹோஸ் இப்போது நிழலில் பெரிய வளையமாகச் சுருண்டு கிடக்கிறது.