பழைய ஜீப்புக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

வாலிநோக்கத்தான்:
93 மாடல் மஹிந்திரா எம்எம்540 டீசல் ஜீப். நாலு வீலும் டிரம், அதாவது சக்கரத்தோடு சுற்றும் மூடிய உருளைக்குள் ஷூ விரிந்து உரசும் பிரேக். கரையிலிருந்து மீன் வாடிக்கு ஐஸ் பெட்டி ஏற்றி வருவதுதான் அதற்கு வேலை. போன வாரம் அலையோரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறி ரோட்டுக்கு வந்தால், முதல் மிதிக்குப் பிரேக்கே இல்லை. நாலைந்து தடவை மிதித்தபிறகு வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. ஓர் ஆடு தப்பித்தது. முன் வீல் இரண்டுக்கும் டிஸ்க் போடலாம் என்றிருக்கிறேன்.

மண்டபம் ஃபோர்வீல்:
யோசிக்கவே வேண்டாம் அண்ணே, போட்டுவிடுங்கள். டிரம்முக்குள் போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது, ஷூ மேல் ஒட்டிய லைனிங் வழுக்கும். டிஸ்க் திறந்து கிடக்கும் தட்டு, இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும். சுற்றும்போதே தண்ணீரை உதறிவிடும், மிச்சத்தைப் பேட் துடைத்துவிடும்.

பழைய ஸ்டியரிங்:
தம்பி, 2017இல் அரிச்சல்முனைக்கு ரோடு திறப்பதற்கு முன்னால் தனுஷ்கோடி மணலில் ஆள் ஏற்றி ஓட்டியவன் நான். எல்லாம் டிரம்தான். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். இவர் வண்டி வலது பக்கம் இழுத்தது என்கிறார். அப்படியென்றால் இடது பக்கம் பிடிக்கவில்லை. கழற்றிப் பார்க்காமல் காசைக் கொட்டச் சொல்கிறாயே!

மண்டபம் ஃபோர்வீல்:
மணலில் பிரேக் எதற்கு? காலை எடுத்தாலே வண்டி நிற்கும். இவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லோடோடு போகிறார்.

பழைய ஸ்டியரிங்:
உப்புக் காற்றில், பேட்டை அழுத்தும் கவ்வியான காலிப்பரின் ஊசி (பின்) இறுகாதா? நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் பக்கம் குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், இதில் ஜீப்பைக் குளிப்பாட்டுவதா?

சாயல்குடி ஒர்க்‌ஷாப்:
இருவரும் பெடலுக்கு அப்புறம் இருப்பதை மறந்துவிட்டீர்கள். டிரம்மில் ஷூ சக்கரத்தோடு சேர்ந்து தானே இறுகும். டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை, அதிக அழுத்தம் வேண்டும். மிதிக்கும் விசையைக் காற்று உறிஞ்சலால் கூட்டும் பூஸ்டர் இல்லாவிட்டால் பெடல் கல்லாக இருக்கும். டீசல் என்ஜின் உறிஞ்சலை நம்பிப் பூஸ்டர் வைக்க முடியாது, உறிஞ்சத் தனியாக வேக்கம் பம்ப் தேவை. பெடலை மிதித்தால் பைப்புக்குள் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் பைப்புக்குள் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும்; அதையே டிஸ்க்குக்கு விட்டால் பேட் உரசிச் சூடேறும். காலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆர்டிஓ விஷயம் தனி.

என் கணக்கில் முதல் செலவு வேறு. மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறையா, இரண்டா? ஒரே அறை என்றால் எங்கே ஒரு பைப் ஒழுகினாலும் நாலு வீலும் போச்சு. அப்புறம் பிரேக் ஆயில். டாட் 3 ரக ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் 140தான் கணக்கு; கொதித்தால் குமிழி வந்து மிதி வேலை செய்யாது.

வாலிநோக்கத்தான்:
இன்று கழற்றினேன். இடது முன் டிரம்மைக் கவிழ்த்ததும் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, ஒரு பிஸ்டன் துருவில் ஒட்டிக்கிடந்தது. சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. கிளிப்புக்கு அடியில் பைப்பை நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. மாஸ்டர் ஒரே அறைதான். இரட்டை மாஸ்டர், பைப், நாலு வீல் சிலிண்டர் சொல்லிவிட்டேன். டிஸ்க் இப்போதைக்கு இல்லை.

மண்டபம் ஃபோர்வீல்:
சரி அண்ணே, பைப் விஷயத்தில் ஒர்க்‌ஷாப் சொன்னது நியாயம். ஆனால் புது சிலிண்டரோடும் அதே தண்ணீரில் ஒரு தடவை இறங்கி ஏறிவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய ஸ்டியரிங்:
ஆட்டை ஓரமாகக் கட்டிவிட்டு இறங்கப்பா.